அமில மண்ணுக்கு ரகம் தேர்வு: எங்கே தவறுகிறோம்?

மண்ணின் பி.எச். 5-க்குக் கீழே போனால் அலுமினியம் கரைந்து வேர் நுனியைத் தாக்கும். நுனி தடித்துப் பழுப்பேறும். பக்கவேர்கள் குட்டையாக நின்றுவிடும். இதைத் தாங்கும் கோதுமை, சோளம், நெல் வரிசைகளை (ரகமாக்கத் தேர்வு செய்யும் விதை வகைகளை) தேடும்போது பெரும்பாலான பிழைகள் வயலுக்குப் போகும் முன்பே, கரைசலில் நாற்று வளர்க்கும் சோதனைத் தொட்டியில் நடந்துவிடுகின்றன.

வழக்கமான ஊட்டக் கரைசலிலேயே அலுமினியம் குளோரைடைக் கலப்பதுதான் மிகப் பெரிய தவறு. பாஸ்பேட் அலுமினியத்தோடு சேர்ந்து வீழ்படிவாகும். இரும்புக்காகச் சேர்த்த ஈ.டி.டி.ஏ.வும் அதைப் பிணைத்துக்கொள்ளும். எடை போட்டுக் கலந்ததில் கொஞ்சம்தான் வேருக்கு எட்டும். எல்லா வரிசையும் செழிக்கும், எல்லாமே தாங்குவதாகத் தோன்றும். மூன்று, நான்கு நாள் கோதுமை நாற்றுக்கு விதையில் உள்ள உணவே போதும், 0.5 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு, பி.எச். 4.3 என்ற எளிய கரைசலே நல்லது. நைட்ரேட் சேர்த்திருந்தால் வேர் அதை உறிஞ்ச உறிஞ்ச பி.எச். ஏறும். தினமும் இருமுறை அளந்து சரிசெய்யுங்கள்.

கோதுமைக்கு வைத்த அலுமினிய அளவை நெல்லுக்கும் வைக்காதீர்கள். நெல் இயல்பாகவே அதிகம் தாங்கும். அந்த அளவில் வரிசைகளுக்குள் வேறுபாடே தெரியாமல் போகலாம். கோதுமைச் சோதனையில் ஒவ்வொரு தொட்டியிலும் ஒப்பிட்டுப் பார்க்க, தாங்கும் அட்லஸ் 66, தாங்காத ஸ்கௌட் 66 ஆகிய இரண்டு கோதுமை ரகங்களையும் சேர்த்து வையுங்கள்.

அடுத்தது, அலுமினியம் இல்லாத நீளத்தோடு ஒப்பிடாமல், வேரின் நீளத்தை மட்டும் பார்ப்பது. அலுமினியம் இல்லாமல் 6 செ.மீ., அலுமினியத்தில் 3 செ.மீ. வளர்ந்த வரிசை 50 சதவீதம்தான். 4 செ.மீ.யிலிருந்து 3.2 செ.மீ.க்கு இறங்கியது 80 சதவீதம்; வேர் சிறிதானாலும் தாங்குவது அதுதான். சந்தேகம் இருந்தால் 0.2 சதவீத ஹெமடாக்சிலினில் 15 நிமிடம் ஊறவைத்துக் கழுவிப் பாருங்கள்: அலுமினியம் புகுந்த நுனி கரும் ஊதாவாகும்.

மார்க்கரை (மரபணு இருப்பதைக் காட்டும் டி.என்.ஏ. அடையாளத்தை) மட்டும் நம்புவதும் ஏமாற்றும். கோதுமையில், அலுமினியத்தைப் பிணைக்கும் மாலேட் என்ற கரிம அமிலத்தை வேரிலிருந்து வெளியேற்றும் டிஏஏஎல்எம்டி1 மரபணு 4டி குரோமோசோமில் இருக்கிறது. டி குரோமோசோம் தொகுதியே இல்லாத துரம் கோதுமையில் அதைத் தேடிப் பயனில்லை. மரபணு இருந்தாலும் அதன் முன்பகுதி அமைப்பைப் பொறுத்தே வெளிப்பாடு கூடும், குறையும்.

அலுமினியத்தைத் தாங்குவது வேறு, மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைவைத் தாங்குவது வேறு. நெல்லில் கசலத் ரகத்தின் பிஎஸ்டிஓஎல்1 மரபணு இளவேர் வளர்ச்சியைத் தூண்டி மணிச்சத்தை எடுக்க உதவுகிறது. அதை அலுமினியத் தாங்குதிறனுக்குச் சான்றாக எடுக்க முடியாது. வயலில் சுண்ணாம்பு இட்டது, இடாதது, மணிச்சத்து இட்டது, இடாதது என நான்கு கூட்டுகளிலும் சோதித்தால்தான் இரண்டும் பிரியும். மண் மாதிரியை 0–20, 20–40 செ.மீ. எனத் தனித்தனியாக எடுங்கள். மேலே இட்ட சுண்ணாம்பு கீழ் அடுக்குக்கு மிக மெதுவாகவே இறங்கும். ஆழத்து வேர் இன்னும் அமிலத்தில்தான் நிற்கும்.