ஸ்னோ, மட், சேண்ட்: தார் ரோட்டில் அந்தக் குமிழை எப்போது திருப்பலாம்

கியர் பக்கத்தில் ஒரு குமிழ், அதில் ஸ்னோ, மட், சேண்ட் என்று மூன்று படம். எஸ்யூவி வாங்கின முதல் வாரம் எல்லோரும் ஒருதடவை திருப்பிப் பார்ப்போம், மீட்டரில் பனிமலை வரும், பின்சீட்டில் பிள்ளைகள் சிரிப்பார்கள், அத்தோடு சரி. அதற்கப்புறம் இரண்டு கட்சி. ஒரு கட்சி அதைத் தொடவே தொடாது. இன்னொரு கட்சி லேசாகத் தூறினாலே மட் போட்டுக்கொண்டு பைபாஸில் நூறில் பறக்கும். எனக்குக் கவலை இரண்டாவது கட்சியைப் பற்றித்தான், நானும் கொஞ்ச நாள் அதில் இருந்தவன்.

ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: அந்தக் குமிழ் டயருக்குப் புதிதாகப் பிடிப்பு எதையும் கொடுப்பதில்லை. இருக்கிற பிடிப்பை எப்படிச் செலவழிப்பது என்பதை மட்டும் மாற்றுகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் எவ்வளவு சுருக்காகப் பாயவேண்டும், ஆட்டோமேட்டிக் கியர் எப்போது மாறவேண்டும், ஒரு சக்கரம் சுழன்றால் எவ்வளவு நேரம் பொறுத்துக்கொண்டு பிறகு அடக்கவேண்டும், இவ்வளவுதான் விஷயம். 2004-ல் லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3-ல் டெர்ரெய்ன் ரெஸ்பான்ஸ் என்று இது வந்தபோது அது பெரிய வண்டிக்காரர் சமாச்சாரம். இன்று முன்சக்கரம் மட்டும் ஓடுகிற கிரெட்டா, செல்டோஸிலும் ஸ்னோ, மட், சேண்ட் இருக்கிறது. பெயர் ஒன்றுதான், பின்னால் இருக்கிற இரும்பு வேறு.

அதனால் குமிழைத் தொடுவதற்கு முன் உங்கள் வண்டி எந்தச் சாதி என்று தெரிந்துகொள்ள வேண்டும். முன்சக்கர வண்டி என்றால் எல்லாமே கம்ப்யூட்டர் வேலை, தவறாகப் போட்டாலும் இரும்பு எதுவும் உடையாது. கிராண்ட் விட்டாராவின் ஆல்கிரிப், ஜீப் காம்பஸ் ஃபோர் பை ஃபோர் மாதிரி தேவைப்படும்போது பின்சக்கரத்துக்கும் சக்தி அனுப்புகிற வண்டி என்றால் ஆட்டோ மோடில் விட்டுவிட்டு மறந்துவிடலாம், அதுவே பார்த்துக்கொள்ளும். முன்னையும் பின்னையும் சேர்த்துப் பூட்டுகிற லாக் என்று இருப்பதை மட்டும் காய்ந்த ரோட்டில் போடாதீர்கள். மூன்றாவது வகைதான் வில்லங்கம்: மஹிந்திரா தார், ஜிம்னி, ஸ்கார்பியோ-N மாதிரி டூ ஹை (பின்சக்கரங்களுக்கு மட்டும் சக்தி), ஃபோர் ஹை (நாலு சக்கரத்துக்கும்), ஃபோர் லோ (நாலுக்கும், மெதுவான ஆனால் இழுவை அதிகமான கியரில்) என்று நாமே மாற்றுகிற வண்டிகள். வண்டியின் பெயரை வைத்தும் முடிவு செய்ய முடியாது. பழைய ஃபார்ச்சூனர் ஃபோர் பை ஃபோர் எப்போதுமே நாலு சக்கரத்தில் ஓடும், முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற நடு டிஃபரென்ஷியல் உண்டு. 2016-ல் வந்த அடுத்த ஃபார்ச்சூனரில் அது கிடையாது, நாம்தான் போட்டு எடுக்க வேண்டும்.

நடு டிஃபரென்ஷியல் இல்லையென்றால் என்ன ஆகும்? வண்டி வளையும்போது முன்சக்கரங்கள் பெரிய வட்டத்தில் போகும், பின்சக்கரங்கள் சின்ன வட்டத்தில் போகும். ஃபோர் ஹை போட்டால் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டிக்கொள்கிறது. மண்ணில் போனால் ஏதாவது ஒரு டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைக் கழித்துவிடும். காய்ந்த தார் விடாது. டயரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், அந்த முறுக்கு முழுக்க ஷாஃப்டுக்குள்ளும், சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள்ளும் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

இதை நான் கற்றது ஒரு கல்யாண மண்டபத்தின் அண்டர்கிரவுண்ட் பார்க்கிங்கில். வழியெல்லாம் மழை, ஃபோர் ஹை போட்டது அப்படியே இருக்கிறது. உள்ளே காய்ந்த சிமெண்ட் தரை. ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்துத் தூணுக்குப் பக்கத்தில் நுழைக்கிறேன், யாரோ பிரேக்கைப் பிடித்த மாதிரி வண்டி தானாக நிற்கிறது, கீழே டக் டக் என்று சத்தம், டயர் கீச்சிடுகிறது. பதறிப்போய் இன்னும் அழுத்தி மிதித்தேன். அதுதான் செய்யக்கூடாதது. டூ ஹைக்கு மாற்றினால் மீட்டரில் ஃபோர் ஹை விளக்கு கண்ணைச் சிமிட்டுகிறதே தவிர மாறவில்லை, ஏனென்றால் உள்ளே பல்சக்கரங்கள் முறுக்கில் இறுகியிருக்கின்றன. வாட்ச்மேன் அண்ணன் ஒருவர் முன்பு ஜீப் ஓட்டியவராம், வந்து பார்த்துவிட்டு, “ஸ்டீயரிங்க நேரா வச்சு ரெண்டு மீட்டர் ரிவர்ஸ் வாங்க தம்பி” என்றார். வந்தேன். களுக்கென்று ஒரு சத்தம், முறுக்கு விட்டது, விளக்கு அணைந்தது. உங்களுக்கும் இப்படி ஆனால் அதே வைத்தியம்தான்: ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், சக்கரத்தை நேராக்குங்கள், மெதுவாகப் பின்னால் கொஞ்சம், முன்னால் கொஞ்சம்.

மழை பெய்து நனைந்த தார்? பலர் கேட்பது இதுதான். நனைந்த தார் பார்க்க வழுக்கல், ஆனால் இந்த முறுக்கை விடுவிக்கிற அளவுக்கு வழுக்காது. கொட்டுகிற மழையில் நேரான ரோட்டில் ஃபோர் ஹையில் போவதில் பெரிய பாதகம் இல்லை. வளைவுகள் நிறைய இருக்கிற இடம், பார்க்கிங், யூ டர்ன் வந்தால் டூ ஹைக்கு வந்துவிடுங்கள்.

இனி குமிழில் இருக்கிற படங்கள். நம் ஊருக்கு ஸ்னோ எதற்கு என்று கிண்டல் செய்வோம், ஆனால் சாதாரண ரோட்டில் அதிகம் உதவுவது அந்த ஸ்னோதான். மிதித்தாலும் எஞ்சின் மெதுவாகத்தான் எழுந்திருக்கும், பல வண்டிகள் இரண்டாவது கியரிலேயே கிளம்பும். கோடை முடிந்து பெய்கிற முதல் மழை, ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் குழைந்து சோப்புத் தண்ணி மாதிரி இருக்கும், அதில் சிக்னலில் நின்று கிளம்ப இது நல்லது. பாசி பிடித்த சிமெண்ட் சரிவு, கொடைக்கானல் பக்கம் ஈர இலை கொட்டிக் கிடக்கிற வளைவு, டிராக்டர் வயலிலிருந்து ஏறி ரோடு முழுக்க அப்பிவிட்டுப் போன களிமண், இங்கெல்லாம் போடலாம். ஓவர்டேக் எடுக்கும்போது மட்டும் வண்டி சோம்பேறியாக இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள், எதிரே பஸ் வரும் நேரத்தில் அது தெரியவந்தால் நன்றாக இருக்காது.

மட் இதற்கு நேர் எதிர். சக்கரம் சுற்றினாலும் உடனே அடக்காது, சேற்றை வாரி எறிந்துவிட்டு அடியில் கெட்டியான மண் கிடைக்கட்டும் என்று விட்டுவிடும். அதே பொறுமை நனைந்த தாரில் ஆபத்து, அங்கே சக்கரம் சுற்ற ஆரம்பித்தவுடனே அடக்குவதுதான் உங்களுக்கு வேண்டும். தூறலில் மட் போட்டு பைபாஸில் போகாதே என்று மேலே புலம்பியது இதனால்தான். மட்டுக்குரிய இடம் ரோட்டோரம்: லாரிக்கு வழிவிட இறங்கி மாட்டிக்கொண்ட மண் ஓரம், திருவிழாவுக்குக் கார் நிறுத்தின அறுவடை முடிந்த வயல். போட்டு, ஸ்டீயரிங்கை நேராக வைத்து, ஒரே சீராக மிதித்து வெளியே வந்ததும் எடுத்துவிடுங்கள். முன்சக்கர வண்டியில் இதுவும் ஓரளவுக்குத்தான். இரண்டு தென்னை மட்டையைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்தால் குமிழைவிட நன்றாக வேலை செய்யும், கிண்டலுக்குச் சொல்லவில்லை.

சேண்ட் வேகத்தை விடாமல் இழுப்பதற்காக. கியரை இறுக்கிப் பிடித்து எஞ்சினை உறுமவைக்கும், ரோட்டில் போட்டால் பெட்ரோல்தான் நஷ்டம். தனுஷ்கோடியிலிருந்து அரிச்சல்முனை வரை போகிற ரோட்டில் காற்று மணலை வாரிப் போட்டுவிடும் நாட்கள் உண்டு. அங்கே இரண்டு விரல் கனத்துக்கு மணல் கிடந்தால் மோடு எதுவும் வேண்டாம், அடியில் கெட்டித் தார்தான், வேகத்தைக் குறைத்து நேராகக் கடந்துவிடலாம். அந்த மணலில் திடீரென்று பிரேக் போடுவதும் ஒடிப்பதும்தான் கூடாது. போட்டோவுக்காக ரோட்டைவிட்டு இறங்கினால் அது வேறு கதை, அப்போதுதான் சேண்டும் டயர் காற்றைக் குறைப்பதும். திரும்ப ரோட்டுக்கு வந்ததும் காற்றை அடித்துவிட்டு ஓட்டுங்கள்.

மலையிறக்கத்தில் இன்னொரு பொத்தானை நம்பி ஏமாறுகிறார்கள், இறங்கும்போது வேகத்தைத் தானே அடக்குகிற ஹில் டிசென்ட் கண்ட்ரோல். அது வேலை செய்வது எஞ்சினால் மட்டும் அல்ல, பிரேக்கைத் தானே விட்டு விட்டுப் பிடித்து. செங்குத்தான மண் சரிவில் ஐம்பது மீட்டர் இறங்க அருமை. 36 கொண்டை ஊசி கொண்ட கல்லட்டியிலோ 70 வளைவு கொண்ட கொல்லிமலையிலோ மேலிருந்து கீழ்வரை அதைப் போட்டுக்கொண்டு வந்தால் பிரேக் சூடேறிக் கருகல் வாசம் வந்துவிடும். லாரிக்காரர்கள் சொல்கிற கணக்குதான் இங்கே சரி: எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரில் இறங்கு. ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவலுக்கு மாற்றி இரண்டிலோ ஒன்றிலோ பிடித்து வையுங்கள்.

ஃபோர் லோவுக்கு சாதாரண ரோட்டில் அநேகமாக வேலையே இல்லை. சேற்றில் இறங்கின வேறொரு காரைக் கயிறு கட்டி இழுக்கும்போது, அதுவும் நம் சக்கரங்கள் மண்ணில் இருந்தால், வண்டியை முழுசாக நிறுத்தி நியூட்ரலில் வைத்துப் போடலாம்.

எதற்கும் உதவாத இடங்களும் உண்டு. பிரேக் போட்டு நிற்பதில் நாலு சக்கர ஓட்டத்துக்கு எந்தப் பங்கும் இல்லை, எல்லா வண்டிக்கும் ஏற்கெனவே நாலு சக்கரத்திலும் பிரேக் இருக்கிறது. சுலபமாகக் கிளம்பிவிட்டதால் சுலபமாக நின்றுவிடும் என்று நம்பித்தான் மழையில் முட்டிக்கொள்கிறோம். நெடுஞ்சாலையில் தேங்கின தண்ணீரில் டயர் மிதந்தால் எந்தப் படமும் காப்பாற்றாது, வேகமும் டயர் கட்டையும்தான் கணக்கு. டயர் பள்ளத்துக்குள் 1.6 மி.மீ. உயரத்தில் தேய்மானக் குறி இருக்கும், கட்டை அதற்குச் சமமாக வந்துவிட்டதா என்று பாருங்கள். சப்வே தண்ணீரும் அப்படித்தான், மட் போட்டால் எஞ்சின் காற்று இழுக்கிற குழாய் மேலே ஏறிவிடாது.

கடைசியாக, ஃபோர் ஹை இருக்கிற வண்டியைத் தொடாமலே வைத்திருக்கும் முதல் கட்சிக்கு. மாதத்துக்கு ஒருமுறையாவது அதைப் போட்டு ஓட்டவேண்டும், டொயோட்டா கையேடுகள் சில 16 கி.மீ. என்றே சொல்கின்றன. முன் ஷாஃப்டிலும் கியர்களிலும் எண்ணெய் பரவவேண்டும் என்பதற்காக. காய்ந்த பைபாஸ் அதற்கு ஆகாது. ஆற்றங்கரை மண்ரோடு, ஏரிக்கரை, செம்மண் பாதை என்று பக்கத்தில் ஏதாவது கண்டுபிடியுங்கள். நான் ஞாயிறு காலையில் எங்கள் ஊர் வாய்க்கால் கரையில் போய்வருகிறேன், தார் தொடங்குகிற இடத்தில் ஒரு டீக்கடை, அங்கே நிறுத்தும்போதே டூ ஹைக்கு மாற்றி விளக்கு அணைந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் டீ சொல்வது.