சர்வீஸ் பெஞ்சில் செய்யக்கூடாத சேட்டைகள்

ஐ.டி.ஐ. முடித்துவிட்டு டிவி சர்வீஸ் பழக வருகிற பையன்கள், அந்த வயதில் நாங்கள் செய்த சேட்டைகளையே புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி செய்கிறார்கள். டிபன் பாக்ஸை ஒளிப்பது, ஸ்டூலை இழுப்பது எல்லாம் கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது வேறு.

சார்ஜ் ஏற்றிய கண்டென்சரை எறிவது

"டேய், பிடி!" என்றால் எவனும் யோசிக்காமல் கையை நீட்டிவிடுவான், இந்த விளையாட்டே அதை நம்பித்தான். கண்டென்சர் என்றால் கரண்டைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் பாகம். பவர் சப்ளை போர்டின் பெரிய ஃபில்டர் கண்டென்சரில், நம் 230 வோல்ட் ஏசியை ரெக்டிஃபை செய்தால், அதாவது டிசி ஆக்கினால், 325 வோல்ட் ஏறி நிற்கும். பிளக்கைப் பிடுங்கியாச்சே என்று சொல்லாதீர்கள், போர்டிலிருந்து கழற்றிய கண்டென்சர் மணிக்கணக்கில் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும்.

ஷாக்கை விடுங்கள், கை உதறுவதுதான் பெரிய செலவு. நான் வேலை பார்த்த ஒரு கடையில், பேக்லைட் பட்டை (திரைக்குப் பின்னால் வெளிச்சம் தரும் எல்இடி பட்டை) மாற்ற வந்த 43 இன்ச் டிவியின் பேனலை, அதாவது திரையை, தனியாக எடுத்துத் தெர்மோகோல் மேல் வைத்திருந்தார்கள். ஒருவன் எறிந்தான், புதுப்பையன் பிடித்தான், உதறினான், முழங்கை பேனல் மூலையில் இடித்தது. பெரிதாகச் சத்தம்கூட வரவில்லை. மாட்டி ஆன் செய்தபோதுதான் மூலையிலிருந்து திரை முழுக்கக் கோடு கோடாக ஓடியது. புதுப் பேனல் போடுவதும் புது டிவி வாங்குவதும் கிட்டத்தட்ட ஒரே விலை. முதலாளி சம்பளத்தில் பிடித்தது யாரிடம் தெரியுமா? எறிந்தவனிடம் இல்லை, பிடித்தவனிடம்! இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அதனால் யார் கண்டென்சர் நீட்டினாலும் முதலில் மல்டிமீட்டரை வைத்து வோல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். சார்ஜ் இருந்தால் குண்டு பல்பு (எல்இடி பல்பு உதவாது) வழியாக இறக்குங்கள். ஸ்க்ரூ டிரைவரால் பட்டென்று ஷார்ட் செய்தால் முனைதான் உருகும். அப்புறமும் ஒருமுறை அளந்து பாருங்கள், கொஞ்ச நேரத்தில் சில வோல்ட் தானாகத் திரும்பி ஏறும்.

மைக்ரோவேவ் கண்டென்சர்

2,000 வோல்ட்டுக்கு மேல். ஆளே போய்விடுவான்.

மீட்டர் வயரை மாற்றிச் செருகுவது

சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் (கரண்ட் அளக்கும் துளை, உள்ளே வெறும் கம்பி மாதிரிதான்) செருகி வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். மலிவு மீட்டர்கள் பலவற்றில் அந்தத் துளைக்கு ஃபியூஸே கிடையாது. தெரியாமல் எவனாவது பிளக் பாயிண்டில் வைத்தால் நேர் ஷார்ட், முகத்துக்கு நேரே பொறி.

எலக்ட்ரோலிட்டிக்கைத் தலைகீழாக மாட்டுவது

ப்ளஸ், மைனஸ் பார்த்து மாட்ட வேண்டிய கண்டென்சர் இது. மாற்றி மாட்டினால் வெடிக்கும். கண் போகும்.

அரை கிலோ எர்த் வாங்கி வரச் சொல்வது

எர்த் என்பது மின் இணைப்பு, கிலோ கணக்கில் விற்கிற சாமான் இல்லை என்பது புதுப்பையனுக்குத் தெரியாது. இது பரவாயில்லை. சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரரும் சேர்ந்துகொண்டு, "ஸ்டாக் இல்லப்பா, பக்கத்துக் கடையில் கேளு" என்பார். உச்சி வெயிலில் மட்டும் அனுப்பாதீர்கள். அனுப்பினால் வரும்போது டீயும் வாங்கி வரச் சொல்லுங்கள், போன வேலையாவது ஆகும்.