பாட்டில் தண்ணீரில் மணி பிளாண்ட்: இலையை விடுங்கள், கணுவைப் பாருங்கள்

மணி பிளாண்டைத் திருடி வந்து வைத்தால்தான் செழிக்கும் என்பது எங்கள் தெரு நம்பிக்கை. உங்கள் தெருவிலும் இருக்கும். நான் முதன்முதலில் வைத்தது திருட்டுச் செடி அல்ல. எதிர்வீட்டு அக்காவிடம் முறையாகக் கேட்டேன். அவரும், "ஒண்ணு எதுக்கு, ரெண்டா எடுத்துக்கோ" என்று இருப்பதிலேயே பளபளப்பான இரண்டு இலைகளைக் காம்போடு கிள்ளிக் கொடுத்தார். பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி வைத்தேன். மூன்று மாதம் அந்த இலைகள் வாடவும் இல்லை, வளரவும் இல்லை. ஒன்றில் மெலிதாக வேர்கூட விட்டது. புதுத் தளிர் மட்டும் வரவே இல்லை. "கேட்டு வாங்கினா இப்படித்தான்" என்று அம்மா தீர்ப்பே எழுதிவிட்டார்.

அம்மா சொன்னதில் பாதி சரிதான். திருடுபவருக்கு இலை பார்த்துக் கிள்ள நேரம் ஏது? சுவருக்கு வெளியே தொங்கும் கொடியை ஒரு முழம் அப்படியே பிய்த்துக்கொண்டு போவார். அதில் நான்கைந்து கணுவாவது இருக்கும். மரியாதையாகக் கேட்பவருக்கு இலைதான் கிடைக்கும். செடி வருவதோ கணுவிலிருந்து.

கணுவைக் கண்டுபிடிப்பது

கொடியை விரலால் தடவிக்கொண்டே வாருங்கள். இலைக்காம்பு கொடியோடு சேரும் இடத்தில் மோதிரம் போட்டதுபோல் லேசாகப் புடைத்திருக்கும். கரும்பில் பார்த்திருப்பீர்களே, அதேபோல. அதன் பக்கத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு சிறு முண்டு துருத்திக்கொண்டிருக்கும். அது காற்று வேர். மரத்தையோ சுவரையோ பிடித்து ஏறுவதற்காகச் செடி முன்கூட்டியே செய்து வைத்திருப்பது. தண்ணீரில் வைத்ததும் பெரும்பாலும் இங்கிருந்துதான் வேர் நீளும். காம்பின் கக்கத்தில் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத ஒரு மொட்டும் இருக்கும். நாளைக்குப் புதுக் கொடியாகப் போவது அதுதான். அந்த மொட்டு இல்லாத வெறும் இலையை எத்தனை நாள் வைத்திருந்தாலும் எனக்கு நடந்ததுதான் நடக்கும்.

ஒரு எச்சரிக்கை. நீளமான இலைக்காம்பையே கொடி என்று நினைத்து வெட்டிவிடுவது சகஜம். காம்பின் மேல்பக்கத்தில் வாய்க்கால்போல் ஒரு பள்ளம் ஓடும், அதன் நுனியில் ஒரே ஒரு இலை இருக்கும். கொடி உருண்டு இருக்கும், கணுக்கள் வரிசையாக வரும். குழப்பமாக இருந்தால் இலையிலிருந்து காம்பு வழியாகப் பின்னோக்கி வாருங்கள். காம்பு எதில் போய் முட்டுகிறதோ அது கொடி.

வெட்டுவது

இரண்டு அல்லது மூன்று கணு, இரண்டு இலை இருக்கும்படி ஒரு துண்டு போதும். நீளம் நாலு முதல் ஆறு அங்குலம் வரும். கடைசிக் கணுவுக்கு அரை அங்குலம் கீழே வெட்டுங்கள். கணுவை ஒட்டியே வெட்டினால் வெட்டுவாயில் ஏற்படும் அழுகல் நேராகக் கணுவுக்கு ஏறிவிடும். புது பிளேடு நல்லது. மொக்கைக் கத்தரிக்கோல் தண்டை நசுக்கும், நசுங்கிய இடம்தான் முதலில் அழுகும். பிளேடைச் சானிடைசரில் ஒரு தடவை துடைத்துக்கொள்ளுங்கள்.

நீளமான கொடி கிடைத்தால் ஒரு கணு, ஒரு இலை என்று பல துண்டுகளாகப் போடலாம். அதுவும் வளரும், ஆனால் தளிர் வர நாளாகும். முதல் முயற்சிக்கு இரண்டு கணுவே நல்லது. பல துண்டாக வெட்டும்போது அடி எது, நுனி எது என்று மறந்துபோகும். கொடியில் வேர்ப்பக்கம் இருந்த முனைதான் தண்ணீருக்குள் போக வேண்டும். வெட்ட வெட்ட ஒரே திசையில் அடுக்கி வைத்துவிட்டால் பிரச்சினை இல்லை.

வெட்டியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கருணைக்கிழங்கு, சேப்பங்கிழங்கு நறுக்கினால் கை அரிக்கும் அல்லவா, மணி பிளாண்டும் அந்தக் குடும்பம்தான். கால்சியம் ஆக்சலேட் என்ற ஊசி போன்ற நுண்ணிய படிகங்கள்தான் அரிப்புக்குக் காரணம். குழந்தையோ பூனையோ நாயோ இலையைக் கடித்தால் வாய் எரிந்து வீங்கும். அவர்களுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

பாட்டிலும் தண்ணீரும்

வாய் குறுகலான பாட்டில் என்றால் தண்டு சாயாமல் நிற்கும். கண்ணாடி என்றால் வேர் வருவதைப் பார்க்கலாம், ஆனால் வெளிச்சம் உள்ளே போவதால் பச்சையாகப் பாசி படியும். பழுப்பு நிறப் பாட்டிலில் இந்தத் தொல்லை குறைவு. சாதா பாட்டிலைச் சுற்றி ஒரு காகிதம் சுற்றினாலும் போதும். நான் வேர் பார்க்கும் ஆசையில் காகிதத்தை அடிக்கடி கழற்றுபவன், அதனால் பாசியும் தேய்க்கிறேன்.

குழாய்த் தண்ணீர் போதும். குளோரின் வாடை அடித்தால் ஒரு வாளியில் பிடித்து இரவு முழுக்கத் திறந்து வைத்து, காலையில் எடுங்கள். போர் தண்ணீர் ரொம்ப உப்பாக இருந்தால், பக்கெட்டில் வெள்ளைப் படலம் கட்டுகிற அளவுக்கு, மழைத்தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ பாதிக்குப் பாதி கலந்துகொள்ளலாம். ஃபிரிட்ஜ் தண்ணீர் வேண்டாம்.

அடிக்கணுவில் இருக்கும் இலையைக் காம்போடு எடுத்துவிடுங்கள். அந்தக் கணு தண்ணீருக்குள் முழுதாக மூழ்க வேண்டும், இலை ஒன்றுகூட மூழ்கக் கூடாது. மூழ்கிய இலை நாலு நாளில் கொழகொழவென்றாகித் தண்ணீரையே கெடுத்துவிடும். தேன் தடவு, பட்டைத் தூள் தொடு என்றெல்லாம் நிறையப் பேர் சொல்வார்கள். மணி பிளாண்டுக்கு அது எதுவும் தேவைப்படுவதில்லை. நுனியிலும் இளம் இலைகளிலும் சுரக்கும் ஆக்சின் என்ற ஹார்மோன் கீழே இறங்கி வந்து வேரைத் தூண்டிவிடும். அந்த வேலையைச் செடியே பார்த்துக்கொள்ளும்.

எங்கே வைப்பது? தென்கிழக்கு மூலையில் வைத்தால் பணம் சேரும் என்பார்கள். எங்கள் வீட்டுத் தென்கிழக்கில் சமையலறை லாஃப்ட் இருக்கிறது, அங்கே பகலிலேயே இருட்டு. பேப்பர் படிக்கிற அளவு வெளிச்சம் வரும், ஆனால் நேர் வெயில் படாத இடம் எதுவானாலும் சரி. மேற்குப் பார்த்த ஜன்னலில் மே மாதம் பாட்டிலை வைத்தால் தண்ணீர் வெதுவெதுவென்று சூடேறிவிடும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, வேருக்கு மூச்சு முட்டும்.

வாரம் ஒரு முறை, கட்டாயம்

இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்வேன் என்று யாராவது சொன்னால், அவர்களுக்குக் கணுவைவிட இதைத்தான் சொல்வேன். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம், வீட்டுக்குள் தேங்கியிருக்கும் நல்ல தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும். நம் மணி பிளாண்ட் பாட்டில் அதற்கு அளவெடுத்துச் செய்த வீடு. நம் ஊர்ச் சூட்டில் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும்.

தண்ணீரைக் கொட்டிவிட்டு ஊற்றினால் மட்டும் போதாது. ஏடிஸ் முட்டையிடுவது தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாட்டிலின் உள்சுவரில். ஒட்டிய முட்டைகள் காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும். அதனால் பாட்டில் கழுவும் பிரஷ்ஷால் உள்சுவரை நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். பிரஷ் நுழையாத பாட்டில் என்றால் ஒரு கைப்பிடி கல்லுப்பும் கொஞ்சம் தண்ணீரும் போட்டுக் குலுக்குங்கள், அப்புறம் உப்புப் போக நன்றாக அலசுங்கள். பாட்டில் வாயில் தண்டைச் சுற்றிப் பஞ்சு அடைத்து வைத்தால் கொசு உள்ளே போகாது. நான் ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்துக்கொண்டேன். மாநகராட்சியிலிருந்து டார்ச்சோடு வந்து பார்ப்பவர்கள் முன்பெல்லாம் என் ஜன்னலைப் பார்த்ததும் முகம் சுளிப்பார்கள். இப்போது எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

தண்ணீர் மாற்றுவதில் செடிக்கும் லாபம் இருக்கிறது. புதுத் தண்ணீரோடு ஆக்சிஜனும் வரும். தண்டை எடுத்து, வழவழப்பு ஏதாவது இருந்தால் விரலால் தேய்த்துக் கழுவிவிட்டு மறுபடி வையுங்கள்.

என்ன எதிர்பார்க்கலாம்

ஒரு வாரம், பத்து நாளில் கணுவில் வெள்ளைப் புள்ளிபோல் வேர் தலைகாட்டும். மார்கழிக் குளிரில் இன்னும் சில நாள் ஆகலாம். மூன்று நான்கு வாரத்தில் இரண்டு அங்குல வேர் வந்துவிடும். தளிர் அதற்கும் பிறகுதான் வரும், அவசரப்பட்டு எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள்.

நடுவில் பழைய இலை ஒன்று மஞ்சளாகி விழுந்தால் பயப்பட வேண்டாம். தண்டின் அடி பழுப்பாகி, அமுக்கினால் மெத்தென்று இருந்து, நாற்றமும் அடித்தால் அது அழுகல். நல்ல பச்சைப் பகுதி வரும்வரை மேலே வெட்டிவிட்டு, பாட்டிலை வெந்நீரில் கழுவி, புதுத் தண்ணீரில் மறுபடி ஆரம்பியுங்கள். ஒரு கணு மிச்சமிருந்தால் செடி மிச்சம். புது இலைகளில் மஞ்சள் வரியே இல்லாமல் ஒரே பச்சையாக வந்தால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம்.

மண்ணா, தண்ணீரா?

மண்ணுக்கு மாற்றுவதானால் வேர் இரண்டு மூன்று அங்குலம் இருக்கும்போதே மாற்றுங்கள். ஆறு மாதம் தண்ணீரில் சுருண்டு வளர்ந்த வேர் மண்ணில் திணறும். தண்ணீரிலேயே வளர்ந்த வேர் அந்தச் சூழலுக்கென்று அமைந்தது, மண்ணில் ஈரம் தேடிப் பழகியதல்ல. செம்மண், கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து, அடியில் ஓட்டை உள்ள சின்னத் தொட்டியில் நடுங்கள். முதல் இரண்டு வாரம் மண் காயவே விடாதீர்கள், அதற்காகச் சேறாகவும் ஆக்காதீர்கள். பிறகு மேல்மண் ஒரு அங்குலம் காய்ந்ததும் தண்ணீர் ஊற்றினால் போதும்.

தண்ணீரிலேயே விட்டாலும் வருடக்கணக்கில் இருக்கும். ஆனால் வெறும் தண்ணீரில் சத்து ஏதும் இல்லை. நர்சரியில் கிடைக்கும் 19:19:19 உரத்தில் (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ளது) ஒரு சிட்டிகையை ஒரு லிட்டரில் கரைத்து, மாதம் ஒரு முறை அந்தத் தண்ணீரை ஊற்றுங்கள். அதிகம் போட்டால் வேர் கருகும், பாசியும் கொழுக்கும். அரிசி களைந்த தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றாதீர்கள். நான் ஊற்றிப் பார்த்தேன், இரண்டாம் நாளே வீடெல்லாம் புளித்த வாடை.

பாட்டிலில் வளர்வதன் இலை உள்ளங்கை அளவைத் தாண்டுவது அபூர்வம். அதே கொடி தென்னை மரத்தில் ஏறினால் இலை முறம் அளவுக்கு விரிவதைப் பார்த்திருப்பீர்கள். வேறு செடி இல்லை, ஏறப் பிடிமானம் கிடைத்ததும் அது காட்டும் உருவம் அது. இதன் சொந்த ஊர் பசிபிக் கடலில் தாஹித்திக்குப் பக்கத்தில் உள்ள மூரேயா தீவு. ஜிப்பரெலின் என்ற ஹார்மோன் போதாததால் இது பூப்பதே மிக அரிது. பூக்காத செடிக்கு விதை ஏது? உலகம் முழுக்க ஜன்னல்களில் தொங்குவதெல்லாம் யாரோ ஒருவர் கணு பார்த்து வெட்டி வைத்ததன் வம்சம்தான்.

கற்பூரவல்லி, கோலியஸ், சிங்கோனியம் எல்லாம் இதே முறையில் வரும், கற்பூரவல்லி இன்னும் வேகம். ரோஜாவைத் தண்ணீரில் முயன்று மனசு விட வேண்டாம், அதற்கு மண்தான் சரி.

தாய்க்கொடியை வெட்டினால் கெட்டுப்போகுமோ என்று கேட்பீர்கள். வெட்டிய இடத்துக்குக் கீழே இருக்கும் கணுவிலிருந்து சில வாரத்தில் புதுக் கிளை வரும், கொடி அடர்த்தியாகும். எதிர்வீட்டு அக்காவிடம் இரண்டாவது தடவை போனபோது பிளேடோடு போய், இலை வேண்டாம் அக்கா, கொடியில் ஒரு சாண் போதும் என்றேன். அவர் அரை மனசோடுதான் விட்டார். நான் வெட்டிய இடத்தில் இப்போது இரண்டு கிளை தொங்குகிறது. இரண்டும் சுவருக்கு வெளியே.