பெரியப்பாவின் கோப்பு: அமெரிக்கக் கவுன்டி புரோபேட் பதிவுகளைத் தேடிப் படிப்பது எப்படி

எங்கள் பெரியப்பா 1994-ல் ஓஹாயோவில் காலமானார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். கொலம்பஸ் நகரத்தில் வீடு வைத்திருந்தார். அந்த வீட்டை அவருடைய நண்பர் ஒருவர் விற்றுவிட்டார் என்ற செய்தி மட்டும் மாயவரத்துக்கு வந்து சேர்ந்தது. "சிநேகிதன் முழுங்கிட்டான்" என்று அத்தை இருபது வருடத்துக்கு மேல் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வேலைக்காக அதே கொலம்பஸுக்கு வந்த பிறகுதான், இப்படிப்பட்ட விஷயங்களுக்கெல்லாம் கோர்ட்டில் ஒரு கோப்பு இருக்கும், யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம் என்று தெரிந்தது. அதைத் தேடியபோது கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். அமெரிக்காவில் உறவினரை இழந்த குடும்பங்கள் நம்மில் நிறைய இருக்கின்றன.

நம் ஊரில் ஒருவர் போய்விட்டால் தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்குகிறோம். அமெரிக்காவில் அப்படி ஒரு சான்றிதழ் கிடையாது. வாரிசு யார், கடன் எவ்வளவு, மிச்சம் யாருக்கு என்பதெல்லாம் மாநிலச் சட்டப்படி புரோபேட் கோர்ட்டில், அதாவது இறந்தவரின் உயிலையும் சொத்தையும் கவனிக்கும் கோர்ட்டில், முடிவாகும். அந்த வேலை பெரும்பாலும் கவுன்டி அளவில் நடக்கிறது. கவுன்டி என்பதை நம் மாவட்டம் போல நினைத்துக்கொள்ளலாம். ஓஹாயோவில் 88 கவுன்டிகள், டெக்சஸில் 254.

எந்த கவுன்டி என்பதில்தான் நான் முதலில் சறுக்கினேன். பெரியப்பா உயிர் பிரிந்தது கிளீவ்லாந்தில் ஒரு மருத்துவமனையில். அது கயஹோகா கவுன்டி. அங்கே தேடித் தேடி ஒரு வாரம் போனது. ஒருவர் எங்கே இறந்தார் என்பது இதில் கணக்கில்லை, நிரந்தரமாக எங்கே குடியிருந்தார் என்பதுதான் கணக்கு. அவருடைய வீடு இருந்தது ஃபிராங்க்ளின் கவுன்டியில், கோப்பும் அங்கேதான் இருந்தது. வேறு மாநிலத்தில் நிலமோ வீடோ இருந்தால் அங்கேயும் துணை வழக்கு ஒன்று திறந்திருப்பார்கள், அதையும் தனியாகத் தேட வேண்டும்.

கோர்ட்டின் பெயரும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஓஹாயோவில் புரோபேட் கோர்ட் என்றே பெயர். நியூயார்க்கில் சரோகேட் கோர்ட், நியூஜெர்சியில் கவுன்டி சரோகேட் அலுவலகம். பென்சில்வேனியாவில் ரெஜிஸ்டர் ஆஃப் வில்ஸ். கலிபோர்னியாவில் சுப்பீரியர் கோர்ட்டுக்குள் ஒரு பிரிவு. டெக்சஸில் கவுன்டி கிளார்க்கிடம் கேட்க வேண்டும். கவுன்டியின் பெயரோடு ‘புரோபேட் ரெக்கார்ட்ஸ்’ என்று சேர்த்துத் தேடினால் சரியான அரசுத் தளம் வந்துவிடும். பணம் கேட்கும் தனியார் தளங்கள் முதலில் வந்து நிற்கும், அவற்றைத் தாண்டிப் போங்கள்.

அடுத்தது பெயர். நம்மவர்களுக்கு இதுதான் பெரிய முட்டுக்கட்டை. கோர்ட் அட்டவணை குடும்பப்பெயர் வரிசையில் இருக்கும். நமக்கோ இனிஷியல்தான் உண்டு. ஒருவர் அமெரிக்கா வந்ததும் அப்பா பெயர் குடும்பப்பெயராகிவிடும், சிலருக்குச் சொந்தப் பெயரே அந்த இடத்துக்குப் போய்விடும். ஆகவே இரண்டு விதமாகவும் தேடுங்கள். சுப்பிரமணியன் என்ற ஒரே பெயரைக் கடைசியில் ‘என்’ போட்டும் எழுதுவார்கள், ‘எம்’ போட்டும் எழுதுவார்கள், நடுவில் ‘பி’ ஒன்றோ இரண்டோ வரும். பல தளங்களில் முதல் நாலைந்து எழுத்துகளை மட்டும் போட்டுத் தேட முடியும், அதுதான் நல்ல வழி. பெரியப்பாவின் கோப்பு தாத்தா பெயரில், ஒரு எழுத்துப் பிழையோடு கிடைத்தது.

அட்டவணையில் கிடைப்பது கேஸ் நம்பர். அதை எழுதி வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அந்த நம்பரைச் சொடுக்கினால் டாக்கெட் வரும், அதாவது எந்தத் தேதியில் என்ன காகிதம் தாக்கலானது என்ற பட்டியல். புதிய வழக்குகளில் காகிதங்களின் படங்களையே திறந்து பார்க்கலாம். பழைய வழக்கு என்றால் பதிவறைக்குப் போய்க் கேட்க வேண்டும், அல்லது கடிதம் எழுதி நகல் வாங்க வேண்டும். பக்கக் கணக்கில் கட்டணம் உண்டு. படித்துப் பார்க்க மட்டும் என்றால் சாதா நகலே போதும். வங்கிக்கோ வேறு அலுவலகத்துக்கோ கொடுக்க வேண்டுமானால் முத்திரையிட்ட சான்று நகல் கேளுங்கள். இந்தியாவில் காட்ட வேண்டியிருந்தால் அதன் மேல் மாநிலச் செயலாளர் அலுவலகத்தில் அப்போஸ்டில் என்ற, வெளிநாட்டில் செல்லுபடியாகும் சான்று வாங்க வேண்டும்.

சரி, கோப்பு கைக்கு வந்தாயிற்று. எடுத்தவுடன் கடைசிப் பக்கத்தைப் புரட்டி யாருக்கு எவ்வளவு என்று பார்க்கத்தான் கை போகும். நானும் அதைத்தான் செய்தேன், ஒன்றும் புரியவில்லை. தேதி வரிசையில் அடுக்கி முதலிலிருந்து படித்தால்தான் விளங்கும்.

ஓஹாயோவில் முதலில் இருப்பது படிவம் 1.0. துணைவர், பிள்ளைகள், நெருங்கிய உறவினர், உயிலில் பெயர் உள்ளவர்கள் எல்லாருடைய பெயரும் உறவுமுறையும் முகவரியும் அதில் இருக்கும். வம்சாவளி தேடுபவர்களுக்கு இந்த ஒரு தாளே புதையல். பெரியப்பாவுடைய படிவத்தில் மாயவரத்து வீட்டு முகவரி, தெருப் பெயர் குதறிப்போய், ஆனால் கதவு எண் சரியாக இருந்தது.

உயில் இருந்தால் அதை ஏற்கக் கோரும் மனு படிவம் 2.0. உயில் இருந்து, அதிலேயே பெயர் சொல்லப்பட்டவர் நிர்வகித்தால் அவர் எக்ஸிகியூட்டர். உயில் இல்லாமல் கோர்ட் நியமித்தால் அட்மினிஸ்ட்ரேட்டர். அவருக்குக் கோர்ட் கொடுக்கும் அதிகாரக் கடிதத்தை ஓஹாயோவில் லெட்டர்ஸ் ஆஃப் அத்தாரிட்டி என்பார்கள், வேறு பல மாநிலங்களில் லெட்டர்ஸ் டெஸ்டமென்டரி என்றோ லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன் என்றோ இருக்கும்.

எங்கள் வீட்டு முடிச்சு இந்த இடத்தில்தான் அவிழ்ந்தது. பெரியப்பா உயில் எழுதவில்லை. உயில் இல்லாதவரின் சொத்தை நிர்வகிப்பவர் ஓஹாயோவில் வசிப்பவராக இருக்க வேண்டும் என்பது சட்டம். மாயவரத்திலிருந்து யாருமே அந்தப் பொறுப்பை ஏற்றிருக்க முடியாது. அந்த நண்பர் தானாக நுழைந்தவர் இல்லை. விண்ணப்பம் கொடுத்து, பிணைப் பத்திரம் கட்டி நியமனம் வாங்கியவர். பிணைத் தொகை அசையும் சொத்தின் மதிப்பைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஒரு சிநேகிதனுக்காக ஒருவர் இவ்வளவு சுமையைத் தலையில் ஏற்றிக்கொண்டதைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

அப்புறம் படிவம் 6.0, சொத்துப் பட்டியல். இப்போதைய சட்டப்படி நியமனம் ஆன மூன்று மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். வீடு, கார், வங்கிக் கணக்கு என்று ஒவ்வொன்றும் மதிப்போடு வரும். இதைப் படிக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள்: அவருடைய சொத்து முழுவதும் இதில் இருக்காது. கூட்டுக் கணக்கு, நாமினி போட்ட காப்பீடு, ஓய்வூதியக் கணக்கு, டிரஸ்ட்டில் வைத்தது, இறந்ததும் இன்னாருக்கு என்று முன்பே பதிவு செய்த வீடு, இவையெல்லாம் பொதுவாக கோர்ட்டுக்கு வெளியிலேயே கைமாறிவிடும். பட்டியல் சிறிதாக இருக்கிறது என்பதற்காக யாரோ ஒளித்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். கோப்பே கிடைக்காமல் போவதற்கும் பல நேரம் இதுதான் காரணம். ஃபுளோரிடாவில் இந்தப் பட்டியல் ரகசியம், வெளியார் பார்க்க முடியாது.

பட்டியலுக்குப் பின் கடன்காரர்கள் வருவார்கள். இன்று ஓஹாயோவில் இறந்த தேதியிலிருந்து 6 மாதத்துக்குள் கடனைக் கேட்டாக வேண்டும். கடைசியில் கணக்கு, படிவம் 13.0. வந்தது ஒரு பக்கம், போனது ஒரு பக்கம். எங்கள் கோப்பில் வீட்டை விற்ற தொகை பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக் கடன் பாக்கி, மருத்துவமனை, ஈமச்சடங்கு எல்லாம் போக மிஞ்சியது கொஞ்சம். துணையோ பிள்ளையோ இல்லாவிட்டால் மிச்சம் பெற்றோருக்கு என்பது அந்த மாநிலச் சட்டம். தாத்தா முன்பே போய்விட்டார். ஆக முழுவதும் பாட்டிக்கு.

வீடு விற்கப்படாமல் வாரிசுக்கே போயிருந்தால் சர்டிஃபிகேட் ஆஃப் டிரான்ஸ்ஃபர் என்று படிவம் 12.1 இருக்கும். அதன் நகல் வீடு, நிலப் பத்திரங்களைப் பதியும் கவுன்டி ரெக்கார்டர் அலுவலகத்திலும் பதிவாகியிருக்கும். கோர்ட்டில் கிடைக்காதபோது அங்கே கேட்டுப் பாருங்கள்.

இன்னும் பழைய காலத்தைத் தேடுபவர்களுக்குக் கொஞ்சம். ஓஹாயோவில் 1852-க்கு முந்தைய உயில்கள் காமன் பிளீஸ் கோர்ட்டின் பதிவுகளில் இருக்கும். 1867 முதல் 1908 டிசம்பர் வரை பிறப்பு இறப்புப் பதிவேடுகளைக்கூட புரோபேட் கோர்ட்தான் வைத்திருந்தது. ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் இவற்றில் நிறைய இலவசமாகக் கிடைக்கின்றன. சில கவுன்டிகளில் தேடிப் பயனில்லாத ஆண்டுகளும் உண்டு. 1884-ல் சின்சினாட்டி கலவரத்தில் கோர்ட் கட்டிடம் எரிந்தது. 1871-ல் சிகாகோ தீயில் அங்கிருந்த கவுன்டி ஆவணங்கள் போயின.

எங்கள் கோப்பின் கடைசித் தாள் ஒரு ரசீது, 1996 தேதியிட்டது. கீழே பாட்டி தமிழில், நடுங்கும் எழுத்தில், முழுப் பெயரையும் எழுதியிருந்தார். அந்த வருடம்தான் அத்தையின் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம். பாட்டி போட்ட எட்டுப் பவுன் எங்கிருந்து வந்தது என்று அப்போது யாரும் கேட்கவில்லை. ரசீதையும் நண்பரின் நியமன உத்தரவையும் நகலெடுத்து அத்தைக்கு அனுப்பினேன். நண்பரின் முகவரி கிடைக்குமா என்று அத்தை கேட்டிருக்கிறார். தேடிக்கொண்டிருக்கிறேன்.