நூல் அறுந்தால் உங்கள் கைகாட்டி என்ன சொல்லும்?

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுக் கராஜில் சனிக்கிழமைதோறும் நான்கைந்து பிள்ளைகள் கூடுகிறார்கள். மேசைமேல் குட்டி ரயில். அதன் ஓரத்தில் நிறுத்த ஐஸ்கிரீம் குச்சி, குடைக்கம்பி, குளிர்பானத் தகரம் கொண்டு, ரயிலுக்கு நில், போ என்று காட்டும் கைகாட்டி கட்டுகிறார்கள். போன மாதம் ஒருவன் கட்டியதைப் பார்த்தேன். இருபது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவறு, அச்சு மாறாமல். பசை வழிந்தது, பெயின்ட் காயவில்லை என்பதையெல்லாம் அவரவரே கண்டுகொள்வார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

கனம் எந்தப் பக்கம்?

கை கிடையாக நின்றால் ‘நில்’. கீழே சாய்ந்தால் ‘போகலாம்’. பிள்ளைகள் நீளமான குச்சியைக் கையாக வைத்துவிட்டு, ஆணிக்கு மறுபுறம் வரும் கண்ணாடிச் சட்டத்தை (இரவில் விளக்கின் முன் வரும் வண்ணக் கண்ணாடிகளைத் தாங்குவது) பிளாஸ்டிக் மூடியில் வெட்டுகிறார்கள். கை கனம், சட்டம் லேசு. ஆகவே சட்டத்தில் நூல் கட்டி இழுத்துப் பிடித்தால்தான் கை கிடையாக நிற்கிறது. நூல் அறுந்ததும் தொப்பென்று இறங்கி ‘போகலாம்’ என்கிறது!

என் கராஜில் கதவுக்கு நேரே தண்டவாளத்தில் ஒரு தூக்குப்பாலம் உண்டு. அதைக் காக்கத்தான் அன்று கைகாட்டி வைத்தேன். இரவில் எலி நூலைக் கடித்துவிட்டது. காலையில் பாலம் தூக்கியிருந்தது, கை இறங்கியிருந்தது. தம்பி மகன் வண்டியை விட்டான். ஓராண்டு காசு சேர்த்து வாங்கிய எஞ்சின் சிமென்ட் தரையில் விழுந்து இரண்டாயிற்று. “பெரியப்பா, கை இறங்கித்தானே இருந்தது?” என்றான். அவன்மேல் என்ன தப்பு?

நிஜக் கைகாட்டியில் அந்தச் சட்டம் கனத்த இரும்பு. கம்பி அறுந்தால் அந்தக் கனமே கையைத் தூக்கி ‘நில்’ காட்ட வேண்டும். 1876 ஜனவரி 21 அன்று இங்கிலாந்தின் அபட்ஸ் ரிப்டனில், கம்பத்துப் பிளவுக்குள் இறங்கியிருந்த கைகள் பனியில் உறைந்து ‘போகலாம்’ நிலையிலேயே நின்றுவிட்டன. விரைவு வண்டி நிலக்கரி வண்டிமேல் மோதியது. அந்தச் சிதைவின்மேல் இன்னொரு விரைவு வண்டி. வண்டி இல்லாதபோதும் கையை இறக்கியே வைக்கும் வழக்கம் அதன்பின்தான் அங்கே கைவிடப்பட்டது.

சட்டத்தின் பின்னால் ஒரு நட்டை ஒட்டுங்கள். கை கிடைநிலையைத் தாண்டாதபடி ஒரு தடுப்பு வையுங்கள். நூலைக் கையில் கட்டிக் கீழே இழுங்கள். பிறகு கத்தரிக்கோலால் அந்த நூலை வெட்டிப் பாருங்கள். ஆமாம், பாடுபட்டுக் கட்டிய அதே நூலைத்தான்.

நீலத் தாள்

நிஜக் கைகாட்டியின் பழைய விளக்கு மண்ணெண்ணெய். சுடர் மஞ்சள் என்பதால், பச்சையாகத் தெரிய நீலம் கலந்த கண்ணாடி போட்டார்கள். அதைப் படத்தில் பார்த்து வெள்ளை எல்.இ.டி. முன் நீல மிட்டாய்த் தாள் ஒட்டினால் நீலம்தான் தெரியும்.

இரண்டு விளக்குக்கு ஒரே ரெசிஸ்டர் (மின்தடை)

சிவப்பு எல்.இ.டி.க்கு ஏறக்குறைய 2 வோல்ட் போதும். பளிச்சென்ற பச்சை 3 வோல்ட் கேட்கும். இணையாகச் சேர்த்தால் சிவப்பே மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 1,000 ஓம், 12 வோல்ட்டில்.

சுவர்ப் பிளக்

230 வோல்ட். தொடாதீர்கள்.

உயரம்

1860இல் டர்பனில் ஓடிய முதல் ரயிலின் பாதை அகலம் 1,435 மி.மீ. பின்னால் வந்தது 1,067. கடையில் கிடைக்கும் 16.5 மி.மீ. தண்டவாளத்தை அந்த 1,067 என்று கொண்டால் அளவு ஏறக்குறைய 1:64. ஆறு மீட்டர்க் கம்பம் 94 மி.மீ. வரும். அந்தத் தண்டவாளத்துக்கு வழக்கமாகச் சொல்லும் அளவு 1:87; பழக்கதோஷத்தில் 87ஆல் வகுத்தால் கம்பம் குட்டையாகிவிடும்.

ஆணி

பித்தளை. கடற்காற்றில் இரும்பு துருப்பிடித்து இறுகும்.

அந்தப் பையன் போன சனிக்கிழமை நூலை வெட்டினான். கை பாதி வழியில் நின்றுவிட்டது. ஆணியைப் பிடுங்கிப் பார்த்தோம்: இரும்பு.