முதல் ரிமோட் விமானம்: அழகைப் பார்த்து வாங்காதீர்கள்

அக்கா மகன் முதல் சம்பளத்தில் ஒரு மஸ்டாங் போர் விமான மாடலை வாங்கி வந்தான். "மாமா, நாளைக்கே விட்ருவோமா?" மதுரை ஒத்தக்கடையைத் தாண்டி, யானைமலை தெரிகிற ஒரு காய்ந்த கண்மாய். பறந்தது பத்து வினாடிகூட இருக்காது; நேரே சீமைக் கருவேலத்துக்குள். முள்ளை விலக்கி அதை வெளியே எடுக்கத்தான் ஒரு மணி நேரம் ஆனது.

விரல் மீது தப்பில்லை, வாங்கியதில்தான். அந்த மாதிரி விமானங்களுக்கு இறக்கை உடம்புக்குக் கீழே. வேகம் குறைந்தால் ஒரு பக்கம் சட்டெனச் சரியும். பழகுகிறவருக்கு வேண்டியது டிரெய்னர்: இறக்கை மேலே, இரு முனையும் லேசாகத் தூக்கியபடி. சரிந்தாலும் பெரும்பாலும் தானே நிமிர்ந்துகொள்ளும். பார்க்கச் சப்பையாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

சின்னதாக வாங்கினால் செலவு மிச்சம் என்பது அடுத்த ஏமாற்றம். இறக்கை ஒரு மீட்டருக்கு மேல் இருந்தால்தான் லேசான காற்றிலும் ஆடாமல் போகும், தூரத்திலும் கண்ணுக்குத் தெரியும். ஈபிஓ என்கிற வளைந்துகொடுக்கும் ஃபோம் என்றால் உடைந்தாலும் ஒட்டிக்கொள்ளலாம். புரொப்பல்லர் தனியாகக் கிடைக்காத மாடலைத் தொடவே வேண்டாம். அப்புறம், ஆடி மாதத்தில் ஆரம்பிக்காதீர்கள். அம்மியே பறக்கிற காற்றில் ஃபோம் எம்மாத்திரம்?

பலர் விமானத்தைப் பறிகொடுப்பது அது தம்மை நோக்கித் திரும்பி வரும்போதுதான். அப்போது அதன் வலது நமக்கு இடது, கை குழம்பிவிடும். எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கமே ரிமோட் குச்சியைத் தள்ளுங்கள், நிமிர்ந்துவிடும். கம்ப்யூட்டர் சிமுலேட்டரில் இதைப் பத்து நாள் பழகாமல் கண்மாய்க்குப் போகாதீர்கள்.

இந்த விமானங்களில் வரும் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை முழு சார்ஜில் வாரக்கணக்காகப் போட்டு வைத்தால் உப்பிவிடும். ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் விடவே கூடாது, தீப்பிடிக்கலாம்.

இடம்? அவனியாபுரம், பெருங்குடிப் பக்கம் பொட்டல் கிடக்கிறதே என்று போய்விடாதீர்கள், விமான நிலையமே அங்கேதான். 2021 ட்ரோன் விதிகள் இந்த மாடல்களுக்கும் உண்டு. நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரை 200 அடிக்கு மேல் ஏற்ற அனுமதி வேண்டும். அதைவிட நெருங்கினால் தரையிலிருந்தே அனுமதி வேண்டும். அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் அனுமதி தேவையா என்பதை நிறத்தால் காட்டுவார்கள்; உங்கள் கண்மாய் எந்த நிறத்தில் இருக்கிறதென்று பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.