தைரொயிட் அழற்சிக்குக் குறியீடு போடுவது: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் வைத்தியசாலைப் பதிவு வேலை பழக வருகிறவர்கள் தைரொயிட் என்றதும் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். நோயாளியின் விடுதிப் பதிவேடான பி.எச்.ரி.யில் (பெட் ஹெட் டிக்கெட்) 'தைரொயிடைற்றிஸ்', அதாவது கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியின் அழற்சி, என்று ஒற்றைச் சொல் கிடக்கும். அதற்கு உலக சுகாதார அமைப்பின் நோய்க் குறியீட்டு நூலான ஐ.சி.டி. 10 இல் ஈ06 (E06) என்ற தலைப்பின் கீழ் மட்டும் ஏழு குறியீடுகள் இருக்கின்றன.

படி 1: பி.எச்.ரி.யைக் கடைசிப் பக்கம் வரை வாசியுங்கள். அனுமதிக்கும்போது எழுதிய நோய் வேறு, வீட்டுக்கு அனுப்பும்போது எழுதிய நோய் வேறாக இருக்கலாம். கடைசியாக முடிவு செய்ததுதான் நமக்கு வேண்டும்.

படி 2: மூன்றாம் தொகுதியின் அகரவரிசையில் தேடுங்கள். அப்புறம் முதலாம் தொகுதியைத் திறந்து சரிபாருங்கள். அகரவரிசையோடு நிற்க வேண்டாம். 'இது இங்கே சேராது' என்ற குறிப்புகள் முதலாம் தொகுதியில்தான் இருக்கும்.

படி 3: வகையைப் பிரியுங்கள். சீழ் கட்டிய அக்கியூட் (திடீரென வரும்) அழற்சி என்றால் ஈ06.0, கிருமி தெரிந்தால் பி95 முதல் பி98 (B95–B98) வரையுள்ள குறியீட்டில் ஒன்றையும் சேருங்கள். டி குவர்வெய்ன் எனப்படும் சப்அக்கியூட் (அதைவிட மெதுவாக வரும்) வகைக்கு ஈ06.1. ஹஷிமோட்டோ, அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவது, ஈ06.3. மருந்தால் வந்தது ஈ06.4. சுரப்பி நார்போல இறுகும் றீடல் வகை ஈ06.5. தற்காலிகமாக ஹோர்மோன் கூடும் நாட்பட்ட வகை ஈ06.2, அபூர்வமாகத்தான் வரும். வகையே எழுதாவிட்டால் ஈ06.9.

ஒரு மாதிரிக்கு: தடிமன் வந்து இரண்டு கிழமையில் கழுத்தின் முன்பக்கம் நோ, விழுங்கக் கஷ்டம், அழற்சியைக் காட்டும் இரத்தப் பரிசோதனையான இ.எஸ்.ஆர். 80, தைரொயிட்டைத் தூண்டும் ஹோர்மோனான ரி.எஸ்.எச். குறைவு. இதைப் பார்த்ததும் சப்அக்கியூட் என்று உங்கள் மனம் சொல்லும். ஆனால் டொக்டர் வெறும் 'தைரொயிடைற்றிஸ்' என்று எழுதியிருந்தால், அவரைக் கேட்காமல் ஈ06.1 போட உங்களுக்கு உரிமை இல்லை. அதேபோல தைரொயிட்டைத் தாக்கும் ரி.பி.ஓ. அன்ரிபொடி கூடியிருக்கிறது என்று றிப்போட் சொன்னாலும், டொக்டர் 'ஹைப்போதைரொயிடிசம்' (தைரொயிட் ஹோர்மோன் குறைவு) என்று மட்டும் எழுதியிருந்தால் அது ஈ03.9 தான். ஹஷிமோட்டோவாக்குவது அவர் வேலை. அமியோடரோன் என்ற இதயத்துடிப்பு மருந்து பாவிக்கிற நோயாளி என்றாலும் இதே கதைதான்: மருந்தால் வந்தது என்று அவர் எழுதினால்தான் ஈ06.4, அதோடு அந்த மருந்துக்கான வெளிக்காரணக் குறியீடும்.

படி 4: பெண் என்றால் பிள்ளை பிறந்து எவ்வளவு காலம் என்று பாருங்கள். பழகிய காலத்தில் நான் ஒரு தாய்க்கு ஈ06.9 போட்டேன். குழந்தைக்கு நாலு மாதம் என்று கிளினிக் அட்டையின் மூலையில் இருந்தது. 'பிள்ளைப்பேற்றின் பின் தைரொயிடைற்றிஸ்' என்று டொக்டர் அடுத்த பக்கத்தில் எழுதியும் இருந்தார். நான் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை. அதற்கு ஓ90.5 (O90.5), வேறு அத்தியாயமே. இன்றும் அது மனதை உறுத்துகிறது.

படி 5: கேள்விக்குறி போட்ட நோய்கள். நோயாளி வீட்டுக்குப் போகும்போதும் 'சந்தேகம்' என்றே இருந்து, வேறு தகவல் எதுவும் இல்லையென்றால், உலக சுகாதார அமைப்பின் விதிப்படி அதை உறுதியான நோயாகவே குறியிட வேண்டும். அமெரிக்க வேலைக்குப் படிப்பிக்கும் வீடியோக்களில் வெளிநோயாளருக்கு இதற்கு நேர்மாறாகச் சொல்வார்கள்: சந்தேகத்தை விட்டு அறிகுறியை மட்டும் குறியிடு என்று. அவர்கள் பாவிப்பது ஐ.சி.டி. 10 சி.எம். என்ற வேறு பதிப்பு. இரண்டையும் கலக்காதீர்கள், புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

படி 6: சந்தேகம் என்றால் துண்டு எழுதி விடுதிக்கு அனுப்புங்கள். 'இது சப்அக்கியூட்தானே?' என்று கேட்டால், அவசரத்தில் இருக்கும் டொக்டர் ஓம் என்று சொல்லிவிடுவார். விடையைக் கேள்விக்குள் வைக்காமல் இப்படி எழுதுங்கள்: 'டொக்டர், 12 ஆம் திகதி தைரொயிடைற்றிஸ் என்று குறித்திருக்கிறீர்கள். வகையும் காரணமும் தெரிந்தால் பி.எச்.ரி.யில் எழுதித் திகதியோடு கையொப்பமிடவும்.'